விதியா, விதிமீறலா?

தம்பி,

தீபாவளிக்கு முதல் நாள் மாலை; எழும்பூர் இரயில் நிலையம். தோளிலே ஒரு பையுடன் நிற்கிறான் ஓர் இளைஞன். பைக்குள்ளே தாய்க்கு ஒரு சேலை, தங்கைக்கு ஒரு தாவணி, ஆறு வயது மகளுக்குச் சரிகை வைத்த பாவாடை. அம்பத்தூரில், கடைசல் இயந்திரத்தின் முன்னே ஆண்டெல்லாம் நின்று உழைத்தவன், அந்த உழைப்பை மடித்துப் பையிலே வைத்திருக்கிறான். ஊர், தென்காசிக்கு அருகே. தொலைவு, 600 கிலோமீட்டருக்கு மேல். கையிலே பயணச் சீட்டு இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய சீட்டு. ஆனால் இடம்? அது பற்றிச் சீட்டு ஒன்றும் கூறவில்லை!

வண்டி வருகிறது, நிற்பதற்கு முன்பே நிரம்பிவிடுகிறது. தொண்ணூறு, நூறு பேர் அமர்வதற்கென்று அமைந்த முன்பதிவில்லாப் பெட்டியிலே, அதற்கு மேலும் எத்தனையோ பேர். அவசர வழிச் சன்னலில் குழந்தையை உள்ளே கொடுத்துவிட்டாள் ஒரு தாய், தான் உள்ளே செல்ல வழியில்லை, கதறுகிறாள். கழிப்பறைக்குள்ளே நால்வர் நிற்கின்றனர். வெளியே, அடக்க மாட்டாமல் துடிக்கிறார் ஒரு முதியவர். படிக்கட்டிலே தொங்குகின்றனர் பலர். நம் இளைஞனோ ஒரு காலைத் தரையிலும், மறு காலை எவருடைய மூட்டையின் மீதோ வைத்தபடி நிற்கிறான். ஆண்டு முழுதும் நின்றவன், வீட்டுக்குப் போகும் வழியிலும் நிற்கிறான் — இரவு முழுதும்!

அவன் போய்ச் சேர்ந்தான், தம்பி. கால் வீங்கிச் சேர்ந்தான், கண் சிவந்து சேர்ந்தான், எனினும் சேர்ந்தான். சேராதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றித்தான் இன்று உன்னிடம் பேச விரும்புகிறேன்.

2004 நவம்பர் 13. சத் பண்டிகைக்காகப் பீகார் செல்லத் திரண்ட கூட்டம், புதுதில்லி நிலையத்திலே நெரிபட்டது, ஐவர் மாண்டனர். 2010 மே 16. அதே நிலையம், கோடைக் கூட்டம். கடைசி நேரத்தில், வேறு நடைமேடைக்கு வண்டி வருகிறது என்று அறிவிப்பு, ஓடினர், விழுந்தனர், மிதிபட்டனர், இருவர் மாண்டனர். 2023 நவம்பர் 11. சூரத் நகரத் தொழிலாளர், தீபாவளிக்கும் சத்துக்கும் ஊர் செல்லப் புறப்பட்டபோது நெரிசல். ஒருவர் உயிர் போயிற்று. 2024 அக்டோபர் 27. மும்பை, பாந்திரா நிலையம். கோரக்பூர் செல்லும் வண்டி, முழுதும் முன்பதிவில்லாப் பெட்டிகள். விடியற்காலையில் வண்டி மெல்ல நடைமேடைக்குள் வந்துகொண்டிருக்கும்போதே பாய்ந்தது கூட்டம், பலர் படுகாயமுற்றனர்.

வடபுலத்தான் செய்திதானே என்று எண்ணிவிடாதே. நம் சென்னையிலே மாடி எழுப்புகிறவனும், நம் திருப்பூரிலே பின்னலாடை தைப்பவனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அவன் ஊர் போகும் வண்டி, நம் நிலையங்களிலிருந்தும் புறப்படுகிறது. இப்படியே நிரம்பித்தான் புறப்படுகிறது.

ஒவ்வொரு முறையும், பிணங்களை எடுத்த பிறகு, ஒரு சொல் கேட்கிறது. நெற்றியிலே விரலை வைத்துக் காட்டிக் கூறுகின்றனர், "விதி!" என்று. செத்தவன் வீட்டார் கூறினால், ஆற்றாமையால் கூறுகின்றனர்; அவர்களைக் கடிந்து கொள்ள நமக்கு மனம் வராது. ஆனால் பொறுப்பிலே இருப்போரும் அதே சொல்லின் பின்னால் போய் ஒளிந்துகொள்வதைத்தான் நாம் பொறுக்க முடியாது.

விதி என்ற சொல்லுக்கு நம் மொழியிலே இரு பொருள் உண்டு, தம்பி. தலையெழுத்து என்பது ஒன்று. சட்டத்திலே எழுதப்பட்ட முறை என்பது மற்றொன்று. முதல் விதியை எவரும் படித்ததில்லை. இரண்டாவது விதியோ அச்சிலே இருக்கிறது; எவரும் எடுத்துப் படிக்கலாம். படித்துப் பார்த்தால் தெரியும், இந்த மக்களைக் கொன்றது எந்த விதி என்பது!

எடுத்துக்காட்டுவேன். 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டம், 57ஆம் பிரிவு. ஒவ்வொரு வகைப் பெட்டியிலும் அதிக அளவாக எத்தனை பேர் பயணம் செய்யலாம் என்பதை நிர்வாகம் வரையறுத்தாக வேண்டும். வரையறுத்த எண்ணிக்கையைப் பெட்டியிலே எல்லோரும் காணுமாறு, வட்டார மொழியிலும் எழுதி வைக்க வேண்டும் — இது அந்தப் பிரிவின் ஆணை. எழுதியாயிற்று! பெட்டியின் சுவரிலே எண் இருக்கிறது. அந்த எண்ணின் மீதே ஒருவன் முதுகு சாய்ந்து நிற்கிறான். அவன் மீது மற்றொருவன் சாய்ந்து நிற்கிறான். எண்ணை எழுதியவர்கள், ஆட்களை எண்ண மறந்துவிட்டார்கள். 2025 பிப்ரவரி 15 அன்று, கும்பமேளாவுக்குச் செல்லக் கூடிய கூட்டத்தில், அதே புதுதில்லி நிலையத்தில் 18 பேர் மாண்ட பிறகு, தில்லி உயர்நீதிமன்றமே இரயில்வேயைக் கேட்டது: அளவுக்கு மேல் ஏன் சீட்டு விற்கிறீர்கள் என்று. சட்டம் பிறந்து 36 ஆண்டுகள் கழித்து எழுந்த கேள்வி அது!

"நம் நாட்டின் கூட்டம் அப்படி; வேறென்ன செய்ய?" என்பர் சிலர். வா தம்பி, கடலையும் ஆற்றையும் தாண்டிப் பார்த்து வருவோம்.

1987 டிசம்பர் 20 இரவு. பிலிப்பைன்சு நாட்டின் தக்ளோபான் துறையிலிருந்து, தலைநகர் மணிலாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது 'டோன்யா பாஸ்' என்னும் கப்பல். கிறிஸ்துமஸ் வருகிறது, உற்றாரைக் காணும் ஆவலுடன் மக்கள். அந்தக் கப்பலிலே ஏற்றத் தக்கவர் 1,518 பேர். பயணிகளென்று பட்டியலிலே இருந்தவர் 1,493 பேர். ஏட்டைப் புரட்டினால் எல்லாம் ஒழுங்கு! நள்ளிரவை நெருங்கும் வேளை 'வெக்டர்' என்னும் எண்ணெய்க் கப்பலோடு மோதிற்று. கடல்மீது தீ பரவிற்று. இரு கப்பல்களிலிருந்தும் மீண்டவர், ஆம் தம்பி, 26 பேர் மட்டுமே. மாண்டவரோ 4,300க்கு மேல் என்று பின்னர்க் கணக்கிட்டனர். பட்டியலிலே இருந்தவர் ஆயிரத்து ஐந்நூறுகூட இல்லை; மாண்டவர் நாலாயிரத்துக்கு மேல்! மோதலுக்குக் காரணம் நெரிசல் அன்று; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாவைப் பெருக்கியது எது? எண்ணாமல் ஏற்றியது!

2014 ஆகஸ்டு 4. வங்கதேசம், பத்மா ஆறு. ஈகைத் திருநாளைக் குடும்பத்தோடு கொண்டாடிவிட்டு, டாக்கா நகரத்து வேலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தனர் மக்கள். 'பினாக்-6' என்ற படகிலே ஏற்றத் தக்கவர் 85 பேர். ஏறியவர் 200க்கும் மேற்பட்டோர். ஆற்றின் நடுவே கவிழ்ந்து மூழ்கிற்று. பல நாள் தேடினர், படகுகூடக் கிடைக்கவில்லை.

கர்த்தரைத் தொழுதோர் கடலிலே; அல்லாவைத் தொழுதோர் ஆற்றிலே; சத் நாளில் கதிரவனைத் தொழுவோர் நடைமேடையிலே! மூன்று நாட்டு மக்களின் தலையிலும் ஒரே எழுத்தாணி ஒரே எழுத்தை எழுதிற்றா? இல்லை. மூன்று இடத்திலும் ஒரே கணக்கு தவறிற்று. இடம் இவ்வளவு, ஆள் இவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கணக்கு. நம் ஊர்த் தொடக்கப் பள்ளியிலே பிள்ளைகள் போடும் கணக்கு!

பத்மா ஆற்றின் கதை அத்துடன் முடியவில்லை. அந்தப் படகு மூழ்கிய மாவா துறைக்கு அருகிலேயே, 6 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் ஒன்றைக் கட்டினர். 2022 ஜூன் 25 அன்று திறந்தனர். அன்றுமுதல், அந்த வழியே ஊர் செல்வோர் ஓட்டைப் படகை நம்பியிருக்க வேண்டிய நிலை மாறிற்று. தலையிலே எழுதியது உண்மையானால், பாலம் எப்படி அதை அழித்தது? சிமெண்டும் இரும்பும் பொறியாளரின் அறிவும் அழிக்கக் கூடியது எதுவோ, அது விதி அன்று, வெறும் குறைபாடு!

திடீரென்று கூட்டம் வந்துவிட்டது, எதிர்பார்க்கவில்லை என்கின்றனர். எதிர்பார்க்கவில்லையா? வெள்ளம் சொல்லாமல் வரும். நிலநடுக்கம் சொல்லாமல் வரும். பொங்கல் சொல்லாமல் வருமா? பஞ்சாங்கத்தின் பலன்களை நம்பாதவர்கள் நாம். ஆனால் பண்டிகை எந்த நாள் என்பதைப் பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அதுவும் வேண்டாம். அடுத்த ஆண்டு விடுமுறைப் பட்டியலை, இந்த ஆண்டே அச்சிட்டு வெளியிடுவது அரசு அன்றோ! நாளை அறிந்தவருக்கு, அந்நாளின் கூட்டம் மட்டும் தெரியாமற் போகுமா?

சாலைப் பக்கம் வருவோம். அரசு சிறப்புப் பேருந்துகள் விடுகிறது, 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கத்திலே பெரியதோர் பேருந்து முனையமும் திறந்தது, மறுக்கவில்லை, வரவேற்கிறோம். ஆனால் அங்கும் இடம் கிடைக்காதவன், தனியார் ஆம்னி பேருந்தை நாடுகிறானே, அப்போது நடப்பதென்ன? நேற்றுவரை ஒரு விலை. பண்டிகைக்கு முன்னிரவு அதுவே இரு மடங்கு, மும்மடங்கு. இருக்கை அதே இருக்கை. சாலை அதே சாலை. மாறியது ஒன்றுதான் — தாயைக் காணத் துடிக்கும் மகனின் தவிப்பு! அந்தத் தவிப்பின் மீது வரி விதிக்க இவர்களுக்கு அதிகாரம் அளித்தவர் யார்? ஒப்பந்த வண்டிகளுக்கும் கட்டணம் வரையறுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது, 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 67ஆம் பிரிவு. அதிகாரம் இருக்கிறது, ஆண்டுதோறும் எச்சரிக்கையும் இருக்கிறது, கொள்ளையும் இருக்கிறது!

அந்த வண்டியை ஓட்டுபவனையும் எண்ணிப் பார். மோட்டார்த் தொழிலாளி நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் உழைத்தாற் போதும் என்று 1961லேயே சட்டம் வகுத்த நாடு இது. பண்டிகை இரவிலே, சென்று சேர்ந்ததும் திரும்பு, திரும்பியதும் மறுபடி செல் என்று விரட்டப்படுகிற ஓட்டுநருக்குத் தூக்கம் உண்டா? விடியற்காலை மூன்று மணிக்கு அவன் இமை ஒரு கணம் மூடினால், நாற்பது குடும்பத்து விளக்கு அணையும். அதற்கும் "விதி" என்றே பெயர் சூட்டுவர்!

நம்மவரிலேயே ஒரு தோழர் கேட்கக் கூடும்: "நரகாசுரன் கதையை நம்பித் தீபாவளிக்கு ஓடுகிறவனுக்காக நாம் ஏன் பரிந்து பேச வேண்டும்?" என்று. அந்தத் தோழருக்கு அன்போடு கூறுவேன்: அந்த இளைஞனின் பையைத் திறந்து பாருங்கள். அதிலே நரகாசுரன் இல்லை. மகளின் பாவாடைதான் இருக்கிறது. புராணத்துக்காக அவன் போகவில்லை. முதலாளி விடுமுறை தருவது அந்நாளில் என்பதால் போகிறான். ஊரிலே பிழைப்பு இருந்திருந்தால், பெற்ற மகளைப் பார்க்க நாள் பார்த்திருப்பானா? பிழைப்பை ஒரு நகரத்தில் குவித்து, உறவை ஊரிலே விட்டுவைத்த அமைப்புதான், அவனைப் படிக்கட்டிலே தொங்க விடுகிறது. கதையைக் கண்டிப்போம்; மனிதனைக் கைவிட மாட்டோம். பகுத்தறிவு என்பது கல்நெஞ்சு அன்று.

மற்றொரு சாரார் உண்டு, குளிரூட்டிய பெட்டியிலே அமர்ந்து, "இந்த மக்களுக்கு ஒழுங்கு கிடையாது, முண்டுகிறார்கள்" என்போர். முன்பதிவுப் பெட்டியிலே ஏன் எவரும் முண்டுவதில்லை? அங்கே இருப்பவர் பிறவியிலேயே பண்பாளர் என்பதாலா? இல்லை, இன்ன இருக்கை இன்னாருக்கு என்று எழுதியிருக்கிறது. இடம் உறுதியானால் ஒழுங்கு தானே வரும். நூறு இடத்துக்கு இருநூறு பேரை அழைத்துவிட்டு, அவர்களைப் பார்த்து ஒழுங்கில்லாதவர்கள் என்பது, பட்டினி போட்டுவிட்டுப் பசிக்கிறதா என்று பழிப்பதற்கு ஒப்பாகும்.

நாம் கேட்பது வானத்து நிலவை அன்று. முன்பதிவில்லாச் சீட்டையும் இடத்தின் அளவறிந்து விற்க வேண்டும். அளவு மிஞ்சினால் மற்றொரு வண்டி விட வேண்டும். ஏழைகள் ஏறும் பெட்டிகளைக் கூட்ட வேண்டும். கூட்டம் நிற்கும்போது நடைமேடையை மாற்றக் கூடாது. பண்டிகைக் காலக் கட்டணத்துக்கு உச்ச வரம்பு வேண்டும். ஓட்டுநருக்கு உறக்கம் வேண்டும். தொழிற்கூடங்கள் விடுமுறையை ஒரே இரவிலே திறந்துவிடாமல், முன்னும் பின்னுமாகப் பிரித்துத் தர வேண்டும். இந்தோனேசியாவிலே, நோன்புப் பெருநாளுக்கு ஊர் செல்லும் ஏழைகளுக்கு அரசும் நிறுவனங்களும் கட்டணமில்லாப் பேருந்து விடுகின்றன. இருசக்கர வண்டியிலே குடும்பத்தோடு நெடுந்தொலைவு போக வேண்டாமென்று, அந்த வண்டிகளைத் தனியே ஏற்றி அனுப்புகின்றன. அங்கே முடிவது இங்கே முடியாதா?

உனக்கும் வேலை இருக்கிறது, தம்பி. அடுத்த பண்டிகைக்கு முன்னிரவு, உன் மன்றத்துத் தோழர்களுடன் நிலையத்துக்குப் போ. முதியவர்க்கு வழி விடச் செய். தாயையும் குழந்தையையும் பிரியாமல் ஏற்றிவிடு. கையோடு ஒரு தாளும் எழுதுகோலும் கொண்டு போ. பெட்டிச் சுவரிலே எழுதியிருக்கும் எண் எத்தனை, உள்ளே இருக்கும் தலைகள் எத்தனை, இரண்டையும் எழுது. பெட்டிக்குப் பெட்டி எழுது. ஊருக்கு ஊர் எழுது. எழுதியதை நாடாளுமன்ற உறுப்பினரிடம் கொடு, இரயில்வே மேலாளரிடம் கொடு, ஏடுகளுக்கு அனுப்பு. அவர்கள் எண்ண மறந்ததை நாம் எண்ணிக் காட்டுவோம்.

தென்காசிக்கு அருகே, வாசலிலே காத்திருக்கிறாள் ஆறு வயதுச் சிறுமி. அப்பா வரும் வண்டி எத்தனை மணிக்கு என்று மட்டுமே அவள் கேட்க வேண்டும். அப்பா வருவாரா என்று அவள் கேட்கும் நிலை, இனி எந்தப் பண்டிகைக்கும் வரலாகாது.

அன்புள்ள
அண்ணன்