பல்பு மேல பழி போடாதீங்க

யானைக்கவுனி மாதிரி சுவரோட சுவர் ஒட்டின வீடுகள்ல ஸ்மார்ட் பல்பு அடிக்கடி ‘ஆஃப்லைன்’ ஆனா, உடனே புது ரவுட்டர் வாங்க ஓடாதீங்க. இந்த பல்பு, பிளக், கேமராவெல்லாம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இயங்கும். அதில் ஒன்றோடொன்று இடிக்காத சேனல்கள் மூணே மூணு: 1, 6, 11. தெருவோட ரவுட்டர் அத்தனையும் இதுக்குள்ளதான் அடங்கணும். வேகம் வேணும்னு சேனல் அகலத்தை 40 மெகாஹெர்ட்ஸ் ஆக்கினா, பக்கத்து வீட்டுத் தாத்தாவோட கேமராவுக்கான இடத்தையும் நீங்களே எடுத்துக்கறீங்க.

அகலத்தை 20க்கு இறக்குங்க. போன், லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாத்துங்க. அப்புறம் மாடிவீட்டுக்காரங்களோட பேசி, ஆளுக்கொரு சேனலா பிரிச்சுக்கோங்க. தெருக்குழாயில முறை வெச்சுத் தண்ணி பிடிக்கத் தெரிஞ்ச நமக்கு இது முடியாதா என்ன?