ஜவ்வு தேஞ்சு போச்சாம்ல!

இந்தப் பதிவு ஒரே ஒரு வார்த்தைக்கு எதிரானது. தேய்மானம்.

முதுகு வலின்னு போய் ஒரு ஸ்கேன் எடுத்தா கையில கிடைக்கிற பட்டம் இதுதான். "ஜவ்வு தேஞ்சு போச்சு." நம்ம சக பதிவர்கள்ல பல பேர் இந்தப் பட்டம் வாங்கினவங்க. பொட்டி தட்டித் தட்டி டிஸ்க் தேஞ்ச கதையை நானே பெருமையா எழுதியிருக்கேன். இப்ப அதை வாபஸ் வாங்குறேன்.

காரணம் எங்க பெரியப்பா பையன். நாமக்கல். 26 வருஷம் லாரி ஓட்டினவர், சொந்தமா ஒரு வண்டி. ரெண்டு வருஷம் முன்னாடி, 51 வயசுல, இடுப்பு வலின்னு போனார். எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்த டாக்டர் (பேர், ஊர் வேண்டாம்) சொன்னது: "ஓட்டி ஓட்டி ஜவ்வு தேஞ்சிருக்கு. இனிமே ஸ்டீயரிங் தொடாதீங்க, குனியாதீங்க, வெயிட் தூக்காதீங்க."

அண்ணன் அதை வேதவாக்கா எடுத்துக்கிட்டார். வண்டி நாலு மாசம் வேப்பமரத்தடியில நின்னது. ஃபைனான்ஸ்காரன் வீட்டுக்கே வந்துட்டான். பேத்தி ஓடி வந்தா, "தாத்தாவுக்கு முதுகு தேஞ்சு போச்சு கண்ணு"ன்னு தள்ளி உட்காருவார். என்கிட்ட ஒரு நாள் கேட்டார்: "டயர் தேஞ்சா ரீட்ரேடிங் போடலாம். இதுக்கு என்ன தம்பி பண்றது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல, டிஸ்க் டயர் இல்லை. அது உயிருள்ள திசு. நடுவுல தண்ணி நிறைஞ்ச கூழ், சுத்தி நாரால ஆன வளையம், மேலயும் கீழயும் மெல்லிய குருத்தெலும்புத் தட்டு. கூழுக்குள்ள செல்கள் இருக்கு. அளவுல ஏறக்குறைய 1 சதவீதம்தான். தண்ணியைப் பிடிச்சு வைக்கிற அக்ரிகான்ங்கிற பொருளைச் செய்யறது அதுங்கதான். பழசை வெட்டி எடுக்கறதும் அதுங்கதான். இதுல கொடுமை என்னன்னா, வளர்ந்த மனுஷனோட டிஸ்க் உள்ளே ரத்தக்குழாயே கிடையாது. சாப்பாடு, ஆக்சிஜன் எல்லாம் அந்தத் தட்டு வழியாக் கசிஞ்சு வரணும். கழிவும் அதே வழியாத்தான் போகணும்.

இந்தக் கசிவைக் கண்ணால பார்க்கிற மாதிரி காட்டினது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம கோயமுத்தூர் கங்கா மருத்துவமனை. டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, ரத்தத்துல மருந்தைச் செலுத்தி 24 மணி நேரம் வரை திரும்பத் திரும்ப எம்.ஆர்.ஐ. எடுத்து, அது டிஸ்க்குக்குள்ள எப்படிப் போகுதுன்னு பார்த்தாங்க. தட்டு கெட்டா கசிவோட ஒழுங்கே மாறிடுதுன்னு தெரிஞ்சது. 2004ல அதுக்கு இடுப்பு முதுகுத்தண்டு ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தோட பரிசு கிடைச்சது. நாமக்கல்லுல இருந்து கூப்பிடு தூரத்துல உலகத்தரமான வேலை நடந்திருக்கு. நாம இன்னும் டயர் கதை பேசிட்டிருக்கோம்.

அப்புறம் செல்லுக்குள்ள. 2007ல மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள், கெட்டுப்போன டிஸ்க்குகள்ல செல்கள் சீக்கிரமே முதுமை அடையற அறிகுறிகளைக் காட்டினாங்க. அப்படி மூப்படைஞ்ச செல் பிரியறதில்லை, சாகவும் மாட்டேங்குது. உள்ளேயே உட்கார்ந்துக்கிட்டு அழற்சியைத் தூண்டுற பொருளையும், கூழைக் கரைக்கிற நொதிகளையும் கக்குது. கட்டறது குறையுது, இடிக்கிறது கூடுது. தண்ணி போகுது, டிஸ்க் சப்பையாகுது. இதுக்குப் பேர் தேய்மானமா? வீட்டுக்குள்ள இருக்கிறவங்களே சுவரை இடிக்கிறதை, வெளியில மழை பெஞ்சு கரைஞ்சுதுன்னு சொல்ற மாதிரி இருக்கு.

"அது சரிப்பா, ஓட்டினதுனாலதானே செல் கெட்டுச்சு?"ன்னு கேப்பீங்க. நானும் கேட்டேன். பின்லாந்துக்காரங்க இதுக்கு ஒரே மாதிரி இரட்டையர்களைத் தேடிப் பிடிச்சாங்க. ஒருத்தர் தொழில்முறை டிரைவர், கூடப் பிறந்தவர் அப்படி இல்லை. இப்படி 45 ஜோடி. 2002ல லான்செட் இதழ்ல முடிவு வந்தது. டிரைவர்களோட டிஸ்க், சகோதரர்களோட டிஸ்க்கை விட அதிகமாக் கெட்டிருக்கலை.

அதுக்கு முன்னாடி 1995ல 115 ஜோடி இரட்டையர்கள்கிட்ட இன்னொரு ஆய்வு. கீழ் இடுப்பு டிஸ்க்குகள்ல ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துல, உடலுழைப்பு விளக்கினது வெறும் 2 சதவீதம். வயசையும் சேர்த்தா 9. ஒரே குடும்பத்துல பிறந்ததையும் சேர்த்தா 43. மிச்சத்தை அந்த ஆய்வு விளக்கலை.

நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். லாரி ஓட்டினா இடுப்பு வலிக்காதுன்னு இதுக்கு அர்த்தம் இல்லை. குலுங்குற சீட்டுல பத்து மணி நேரம் உட்கார்ந்தா வலிக்கத்தான் செய்யும். ஆனா வலி வேற, படத்துல தெரியற மாற்றம் வேற. 2015ல ஒரு தொகுப்பாய்வு, வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயசுக்காரங்கள்ல 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் சிதைவு. 80 வயசுல 96 சதவீதம். தலை நரைச்சவரைப் பார்த்து "முடி தேஞ்சு போச்சு, இனிமே தலை சீவாதீங்க"ன்னு யாராவது சொல்வாங்களா?

இப்ப அடுத்த கோஷ்டி. செல்தான் காரணம்னு தெரிஞ்ச உடனே கடை விரிச்சவங்க. அண்ணனுக்கும் ஒருத்தர் போன் பண்ணினார். ஸ்டெம் செல் ஊசி, ரெண்டு லட்சம், ஜவ்வு புதுசா வளரும். அண்ணன் கேட்ட ரீட்ரேடிங், ரேட்டோட வந்துடுச்சு! ஆஸ்திரேலியாவோட மெசோபிளாஸ்ட் நிறுவனம் 404 பேர்கிட்ட முறைப்படி சோதனை நடத்தி 2021ல முடிவு சொன்னது. முன்கூட்டியே வெச்ச முதன்மை இலக்கை அது எட்டலை. வலி குறைஞ்சதுல சில நல்ல அறிகுறி தெரிஞ்சதால மறுபடி சோதனைக்குப் போனாங்க. சோதனைக்கு! வசூலுக்கு இல்லை. இங்க ஐ.சி.எம்.ஆரோட 2017 வழிகாட்டுதலும் இதையேதான் சொல்லுது: ரத்தம் சம்பந்தப்பட்ட ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையைத் தவிர மத்ததெல்லாம் ஆய்வுதான், காசு வாங்கிச் செய்யற சிகிச்சை இல்லை. யோசிச்சுப் பாருங்க, சோத்துக்கே வழியில்லாத வீட்டுக்கு இன்னும் நாலு பேரைக் குடி வெச்சா வீடு செழிச்சிடுமா?

தேஞ்சு போச்சுன்னு பயமுறுத்தறவங்களும், புதுசா வளர்த்துத் தர்றோம்னு ஆசை காட்டறவங்களும் எதிரெதிர்க் கட்சி மாதிரி தெரியும். ரெண்டு பேருக்கும் மூலதனம் அந்த ஒரே வார்த்தை. தேஞ்ச பொருளை ஓரமா வைக்கணும், இல்லை மாத்தணும். உயிருள்ளதுக்கு வேற வழியும் இருக்கு. புகைபிடிக்கிற, பிடிக்காத இரட்டையர்களை ஒப்பிட்ட 1991 ஆய்வுல, பிடிக்கிறவங்களோட டிஸ்க் சிதைவு 18 சதவீதம் கூடுதல். 2017ல வந்த ஒரு ஆய்வுல, வருஷக்கணக்கா ஓடறவங்களோட டிஸ்க்குல தண்ணி, ஓடாதவங்களை விட அதிகமா இருந்தது. ஓடின டயர்ல ரப்பர் கூடிப் பார்த்திருக்கீங்களா?

அண்ணன் ஊசி போட்டுக்கலை. பீடியை விட்டார். பிசியோதெரபி போனார், காலையில நடக்கறார். வலி வருது, போகுது. பேத்தியைத் தூக்கறார். ஆனா வண்டி போயிடுச்சு. நான் இதெல்லாம் படிச்சு முடிக்கறதுக்குள்ள வந்த விலைக்குக் கொடுத்துட்டார். இப்ப ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்ல கணக்கு எழுதறார். அந்த வண்டியில இருந்து அவரை இறக்கினது டிஸ்க் இல்லை. ஒரு வார்த்தை.

அதனால பதிவுலக டாக்டர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். "வயசுக்கேத்த மாற்றம்"னு சொல்லுங்க, "தண்ணி குறைஞ்சிருக்கு"ன்னு சொல்லுங்க. தேய்மானத்தை மட்டும் டயர் கடைக்கே திருப்பிக் கொடுத்துடுங்க. இதுக்காக என் வீட்டுக்கு ஆட்டோ அனுப்பினாலும் பரவாயில்லை :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கால் மரத்துப்போய் பலம் குறைஞ்சாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ பதிவு படிச்சிட்டு உட்காராதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.