இரண்டாவது வழி

நிலத்தடியில் தாதுவையோ நிலக்கரியையோ வெட்டி எடுக்கத் தொடங்குமுன், அதை எட்டுவதற்கும், ஆளும் சரக்கும் காற்றும் நீரும் போய்வருவதற்கும் வேண்டிய வழிகளைத் தோண்டி அமைக்கும் வேலையே சுரங்க மேம்பாடு எனப்படுகிறது. செங்குத்தாக இறங்கும் ஷாஃப்ட், அதிலிருந்து கிடைமட்டமாகப் பிரியும் லெவல்கள், ஒரு லெவலை மேலுள்ள லெவலோடு இணைக்கும் ரெய்ஸ்கள் என விரியும் இந்த வேலையில் விற்பனைக்குரிய பொருள் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதால், கணக்கேட்டில் அது வெறும் செலவாகவே தெரிகிறது. அந்தச் செலவுகளுள் எளிதில் தள்ளிப்போடப்படக்கூடியது இரண்டாவது வெளியேறும் வழி. தொடக்கநிலைப் பாடங்கள் அதைச் சட்டம் விதித்த ஒரு நிபந்தனையாக மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது வருந்தத்தக்கது.

அந்த நிபந்தனைக்குக் காரணமாக அமைந்தது இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்தில் இருந்த ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கம். அதற்கு இருந்தது ஒரே ஷாஃப்ட். சுமார் 12 அடி அகலமான அந்த வட்டக் குழியை மரப்பலகைத் தடுப்பு ஒன்று இரண்டாகப் பிரிக்க, ஒரு பக்கம் நல்ல காற்று இறங்கியது, மறுபக்கம் கெட்ட காற்று ஏறியது. குழியின் வாயருகே, நீர் இறைக்கும் நீராவி எந்திரத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் 40 டன்னுக்கும் மேற்பட்ட எடையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. 1862 ஜனவரி 16 அன்று, ஷிப்ட் மாறும் வேளையில், அது முறிந்து ஒரு பாதி குழிக்குள் விழுந்து, தடுப்புப் பலகைகளையும் பக்கச்சுவர்க் கற்களையும் பெயர்த்துக்கொண்டு நடுவழியில் அடைத்துக்கொண்டது. கீழே இருந்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் காயமின்றி இருந்தனர். ஏறிவரவும் மூச்சுவிடவும்தான் வழியில்லை. மீட்பவர்கள் ஆறு நாள் போராடி அடைப்பைத் துளைத்துச் சென்றபோது உயிரோடு ஒருவரும் இல்லை. ஆண்களும் சிறுவர்களுமாக 204 பேர் மாண்டனர். அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு இரண்டு வழிகளைக் கட்டாயமாக்கியது.

சட்டம் வந்ததோடு இக்கேள்வி தீர்ந்துவிடவில்லை. சிலியின் சான் ஹோசே சுரங்கத்தில் 2010 ஆகஸ்ட் 5 அன்று சாய்வுப் பாதை இடிந்து 33 பேர் சிக்கியபோது, மேலேறக் காற்றுப் போக்கிக் குழி ஒன்று இருக்கவே செய்தது. இருக்க வேண்டிய ஏணிதான் அதில் இல்லை. இரண்டு நாளில் அந்தக் குழியும் மூடிக்கொள்ள, துளையிட்ட வேறொரு வழியாக அவர்கள் வெளியே வர 69 நாள் ஆயிற்று. ஆள் ஏறிப் பார்த்திராத வழியை வழியென்று வரைபடத்தில் காட்டுவது பெரும் தவறு.

மேம்பாட்டுக் காலத்திலேயே இந்த ஆபத்து மிகுதி. இரண்டு ஷாஃப்ட்களும் அடியில் இணையும்வரை ஒவ்வொரு வெட்டுமுகமும் முட்டுச்சந்தே. துணை விசிறி குழாய்வழி தள்ளும் காற்றை நம்பியே ஆட்கள் அங்கு நிற்கிறார்கள், விசிறி நின்றால் வெடிப்புப் புகை வெளியேறாமல் அங்கேயே தங்கிவிடும். ஆகவே அந்த இணைப்பு வெட்டப்படும் நாளைக் கால அட்டவணையின் முதல் இலக்காக வைத்து, உற்பத்திக்கான வெட்டுமுகங்களை அதன் பின்னரே திறப்பதுதான் பொறியியல் நேர்மை. மாணவர் ஒருவர் சுரங்கத் திட்டத்தைச் சமர்ப்பிக்கும்போது ஆண்டு உற்பத்தி எத்தனை டன் என்று கேட்பதற்கு முன், இணைப்பு எந்த மாதத்தில் முடியும், அதுவரை கீழே எத்தனை பேர் இருப்பார்கள், அவர்கள் எந்த ஏணியில் ஏறுவார்கள் என்று ஆசிரியர்கள் கேட்க வேண்டும்.