பிறவி மேதை என்றொரு பொய்

ஆசிரியர் தினம் வந்தால் திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளில் ராதாகிருஷ்ணன் புகழ் பாடாத மேடை இல்லை. நம் திருத்தணிக்காரர் ஆயிற்றே! ‘பிறவி மேதை’ என்று சொல்லிக் கைதட்டி முடிப்போம். அதே பள்ளியில் ஒரு பையனிடம், ‘உனக்கெல்லாம் படிப்பு ஏறாது, கம்பெனி வேலைக்குத்தான் லாயக்கு’ என்போம். அறிவு தலையெழுத்து என்ற ஒரே நம்பிக்கைதான் இரண்டு பேச்சிலும் இருக்கிறது. அது பொய். பிள்ளைகளைக் கெடுக்கும் பொய்.

ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்தது எப்படி? உறவினர் ஒருவர் படித்து முடித்துக் கொடுத்த தத்துவப் புத்தகங்கள் காசில்லாமல் கிடைத்தன. வசதியில்லாத வீடு, உதவித்தொகைதான் படிக்க வைத்தது.

கணிதர் ராமானுஜன் என்றதும் குலதெய்வம் நாமகிரித் தாயார் அவர் கனவில் வந்த கதையைச் சொல்கிறோம். கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தவறி உதவித்தொகையை இழந்தார்; பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. அன்றைய கணக்கில் அவரும் படிப்பு ஏறாதவர்தான். ஆயிரக்கணக்கான தேற்றங்கள் அடங்கிய, கார் என்பவரின் கணிதத் தொகுப்பு நூலை வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் சிலேட்டில் எழுதி எழுதி அழித்தார். கணித ஆர்வலர் வி. ராமசாமி ஐயர் அவரை இனம் கண்டார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய்ச் சம்பளம், 1913-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் 75 ரூபாய் உதவித்தொகை. அதற்குப் பிறகுதான் கேம்பிரிட்ஜ். அவரிடம் இருந்தது அபூர்வத் திறமைதான். சோற்றுக்கு வழியில்லாமல் விட்டிருந்தால் அதுவும் அவிந்துபோயிருக்கும்.

மேதையை ஆங்கிலத்தில் ‘ஜீனியஸ்’ என்கிறோம். பழைய ரோமானியர்கள் ஒவ்வொரு ஆணுக்கும் உடன்பிறந்த காவல் தெய்வத்தைத்தான் ‘ஜீனியஸ்’ என்றார்கள். அது ஒருசிலரின் தனிச்சொத்தானது பிற்பாடு. 1869-இல் ஆங்கிலேய அறிஞர் கால்டன், பிரிட்டிஷ் பிரமுகர்களின் வம்சாவளிகளைக் காட்டி, மேதைமை பரம்பரையாக வருவது என்று புத்தகமே எழுதினார். நீதிபதி வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த பள்ளியையும் பணத்தையும் ரத்தத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டார். நாமும் இன்றுவரை அதையே செய்கிறோம்.

அறிவு ரத்தத்தில் வருவதல்ல என்பதற்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு லேத் பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஷாஃப்ட்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்க்கிறார் டர்னர். விட்டம் 0.10 மில்லிமீட்டர் கூடுதல். டூலை 0.05 மட்டும் உள்ளே தள்ளுகிறார். சுற்றும் இரும்பில் இரு பக்கமும் சேர்ந்து குறையும் என்பது அவர் கைக்குத் தெரியும். கணக்கு வராது என்று பள்ளி கைவிட்டவர்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று, வீணாய்ப்போன இரும்பையெல்லாம் பொறுத்துக்கொண்டு, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து வந்த கணக்கு அது.