குடும்ப நலம்: தீராப் பசியும் தீச்சொல்லும்

 

கொடுமுடிக் கடைவீதியில் ஒரு தாய் தன் ஐந்து வயது மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து செல்வதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவனுடைய எடை பத்து வயதுச் சிறுவனின் எடையையும் தாண்டிவிட்டது. எதிரே வரும் உறவுக்காரப் பெண்மணி சலாம் சொல்லி நலம் விசாரித்த கையோடு, "எந்தக் கடையில் அரிசி வாங்குகிறீர்கள்?" என்று கேட்டுச் சிரிக்கிறார். வலீமா விருந்தில் அப்பிள்ளை மறுபடியும் சோறு கேட்டால், பந்தியில் இருப்போர் பிள்ளையைப் பார்ப்பதில்லை, தாயைப் பார்க்கிறார்கள். 'வளர்க்கத் தெரியாதவள்' என்ற தீர்ப்பு அந்தப் பார்வையிலேயே இருக்கிறது. மத்ரஸாவிலும் பள்ளியிலும் அவனுக்குப் பெற்றோர் இட்ட பெயர் மறைந்து, 'குண்டன்' என்ற பெயரே நிலைத்துவிடுகிறது.

பிள்ளைகள் பருப்பதற்குப் பெரும்பாலும் எண்ணெய்ப் பண்டங்களும் இனிப்புகளும் ஓடியாடி விளையாடாமையும் காரணம் என்பது உண்மையே. ஆயினும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதுவே காரணமன்று. பிறவியிலேயே மரபணுவில் அமைந்த குறையினால் பசி அடங்காமலேயே வளரும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்கள் தொகையில் மிகச் சிலரே. எனினும் அந்தச் சிலரை நாம் எப்படி நடத்துகிறோம் என்பது சிறிய செய்தியன்று.

பசி எப்படி அடங்குகிறது?

நம் உடலின் கொழுப்பு அணுக்கள் 'லெப்டின்' என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது இரத்தத்தின் வழியே மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியை அடைந்து, 'சேமிப்பு போதுமான அளவு இருக்கிறது' என்று அறிவிக்கிறது. இதனை 1994-ல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக் கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேனும் அவருடைய குழுவினரும் கண்டறிந்தனர். இந்த அறிவிப்பு மூளைக்குச் சென்று சேரவில்லையெனில், உடலில் எவ்வளவு கொழுப்பு இருந்தாலும் மூளை தன்னைப் பட்டினியில் கிடப்பதாகவே எண்ணிக்கொள்ளும். நோன்பாளியின் பசிக்கு மஃரிப் பாங்கு என்றொரு எல்லை உண்டு. இக்குழந்தையின் பசிக்கோ பாங்கு ஒலிப்பதே இல்லை.

1997-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகர மருத்துவர்கள் ஸ்டீபன் ஓ'ராஹிலி, சதஃப் ஃபாரூக்கி ஆகியோரைக் கொண்ட குழு, பாகிஸ்தானை வேராகக் கொண்ட ஒரு குடும்பத்தின் இரு குழந்தைகளைப் பற்றி வெளியிட்டது. ஒரு குழந்தைக்கு வயது 8, எடை 86 கிலோ. மற்றொன்றுக்கு வயது 2, எடை 29 கிலோ. இருவர் உடலிலும் லெப்டின் ஏறக்குறைய இல்லை. குறைந்திருந்த அந்த ஹார்மோனை ஊசி வழியே செலுத்தத் தொடங்கியபோது, 12 மாதங்களில் 9 வயதுச் சிறுமி ஒருத்தியின் எடை 16 கிலோவுக்கு மேல் குறைந்ததை 1999-ல் அவர்கள் அறிவித்தனர். சோற்றைப் பூட்டி வைத்தும் திட்டியும் அடங்காத பசி, ஊசி மருந்தால் அடங்கியது. அப்படியாயின் அதுவரை அக்குழந்தைகள் மீது சுமத்தப்படக்கூடிய 'பேராசை' என்ற பழிக்கு என்ன பொருள்?

மும்பைக்கு வந்த சகோதரி

எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரைச் சேர்ந்த இமான் அஹ்மதை வாசகர்கள் நினைவில் வைத்திருக்கக் கூடும். ஏறத்தாழ 500 கிலோ எடையுடன், பல்லாண்டுகளாக வீட்டை விட்டு வெளியேற இயலாதிருந்த அவர், 2017 பிப்ரவரியில் சரக்கு விமானத்தில் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு சைஃபி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மார்ச் மாதம் இரைப்பையைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சை நடந்தது. மரபணுச் சோதனையில், லெப்டின் அறிவிப்பை வாங்கிக்கொள்ளும் ஏற்பியிலேயே குறை இருப்பதாக மருத்துவர்கள் தெரிவித்தனர். அவர் உடலில் லெப்டின் இருந்தது. அதன் அறிவிப்பைக் கேட்கும் செவிதான் பழுதுபட்டிருந்தது. பின்னர் அபுதாபிக்கு மாற்றப்பட்ட அவர், 2017 செப்டம்பர் 25 அன்று தம் 37-ஆம் வயதில் வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

'உலகிலேயே பருத்த பெண்' என்று செய்தித்தாள்கள் அவருக்குப் பட்டம் சூட்டின. அவர் ஒரு நோயாளி என்பது அந்தப் பட்டத்தில் எங்கே இருக்கிறது? ஏற்பிக் குறையுள்ளவர்களுக்கென 'செட்மெலனோடைட்' என்ற மருந்துக்கு அமெரிக்கா 2020-ல் ஒப்புதல் தந்தது. விலை மிகுந்த அம்மருந்து, சகோதரி இமானின் காலத்துக்குப் பிறகே வந்தது.

அறிகுறிகள் யாவை?

குழந்தை சாதாரண எடையுடன் பிறந்து, சில மாதங்களிலேயே வெகு விரைவாகப் பருக்கத் தொடங்குதல். உண்டு முடித்த உடனே மீண்டும் உணவு கேட்டு அழுதல். இரவில் எழுந்து உணவைத் தேடுதல் ஆகியவற்றைக் கவனியுங்கள். 'பிராடர் வில்லி' என்ற மற்றொரு நோயில், குழந்தை பிறக்கும்போது உடல் துவண்டு, பால் குடிக்கவும் வலுவின்றி இருக்கும். சில ஆண்டுகள் கழித்தே அடங்காப் பசி தோன்றும். ஏறத்தாழ 15,000 பிறப்புகளில் ஒன்றுக்கு இது நேர்கிறது. 'பார்டெட் பீடில்' என்ற நோயில் கூடுதல் விரலும் மாலைக்கண்ணும் சேர்ந்து வரலாம்.

ஐந்து வயதுக்குள் மிகுதியாகப் பருத்து, பசியும் அடங்காதிருந்தால் மரபணுச் சோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது அவசியம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் பிள்ளையைக் காட்டுங்கள். ஈரோடு அரசுத் தலைமை மருத்துவமனையிலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் குழந்தை மருத்துவர்கள் இருக்கிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மரபியலுக்கென்றே தனிப்பிரிவு உண்டு. எல்லா வகைக்கும் மருந்து இல்லை என்பது மெய்தான். ஆனால் நோயின் பெயர் தெரிந்துவிட்டால், அடிப்பது நிற்கும். உணவைக் காலம் வகுத்துக் கொடுக்கவும், அடுக்களையைப் பூட்டவும், நீரிழிவு வருமுன் காக்கவும் வழி பிறக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லெப்டின் குறை போன்றவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும். அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும்போது இவ்வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் உறவு கொங்கு நாட்டில் எல்லாச் சமுதாயத்தாரிடமும் உள்ள வழக்கம். மார்க்கம் அதனை அனுமதித்திருக்கிறதே தவிர, கடமையாக்கவில்லை. குடும்பத்தில் இத்தகைய நோய் கண்டிருந்தால், அடுத்த சம்பந்தம் பேசுமுன் மரபியல் மருத்துவரின் ஆலோசனையைப் பெறுவதே அறிவுடைமை. அதற்காக ஏற்கெனவே மணந்துகொண்ட தம்பதியரை எவரும் குறைகூற வேண்டாம். தம் மரபணுவைத் தேர்ந்தெடுத்துப் பிறந்தவர் எவரும் இல்லை.

நாம் செய்ய வேண்டியது

அன்னை சவ்தா (ரலி) அவர்கள் கனத்த உடலும் மெதுவான நடையும் உடையவர்கள். ஹஜ்ஜின்போது முஸ்தலிஃபாவில், மக்கள் நெரிசலுக்கு முன்னரே புறப்பட அவர்கள் அனுமதி கேட்டார்கள். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தயங்காமல் அனுமதித்தார்கள். இதனை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியில் இடம்பெற்றிருக்கிறது. உடலைக் குறைக்கச் சொல்லி அறிவுரை இல்லை, ஏளனம் இல்லை, அந்த உடலுக்கு ஏற்ற வழி செய்து தரப்பட்டது. ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11-ஆம் வசனம் தடுக்கிறது. அதில் பெண்களைத் தனியாகவும் குறிப்பிட்டுச் சொல்கிறது. பழித்தல் ஒருவரையும் மெலியச் செய்வதில்லை என்றும், அது உள்ளத்துக்கும் உடலுக்கும் கேடு செய்கிறது என்றும் 2020-ல் பன்னாட்டு மருத்துவ வல்லுநர்கள் கூட்டாக அறிக்கை வெளியிட்டனர்.

ஆகவே, வரும் திருமண விருந்தில் பருத்த பிள்ளை ஒன்று உங்கள் பந்தியில் அமர்ந்தால், அதன் தட்டைப் பார்க்காதீர்கள். பெயர் சொல்லி அழைத்துப் பேசுங்கள். அதன் தாயிடம் அரிசிக் கடையைக் கேட்பதற்குப் பதிலாக, 'மருத்துவமனைக்குத் துணைக்கு வரட்டுமா?' என்று கேளுங்கள். மத்ரஸா உஸ்தாத்மார்களே, பட்டப்பெயர் உங்கள் வகுப்பின் வாசலோடு நின்றுவிடட்டும்!

நாவைக் காத்துக்கொள்ளும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.