ஒரு பேட்டரிக்கு எத்தனை பேர் பொறுப்பு?

கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோனால் அது வைத்திருப்பவரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. இன்று அப்படி ஒதுக்க முடியவில்லை. கேரளத்தில் தொழிலுறப்பு என்று அழைக்கப்படும் ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் வருகைப் பதிவு கைபேசிச் செயலி வழியாகவே நடக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 1 முதல் ஒன்றிய அரசு கட்டாயமாக்கியது. தனிநபர் பயனாளிகளுக்கான வேலைகளுக்கு மட்டுமே விலக்கு. நாளுக்கு இரண்டு முறை தொழிலாளர்களைப் படமெடுத்து, இடக்குறியோடு பதிவேற்ற வேண்டும். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பெருங்கடவிளை, ஆரியங்கோடு, குன்னத்துகால், வெள்ளறடை போன்ற ஊர்களில் இந்தச் சுமை பெரும்பாலும் பணியிடத்தை மேற்பார்க்கும் ‘மேட்’ ஆக இருக்கும் பெண்களின் கைபேசிமேல் விழுந்தது. பிற்பகல் படத்துக்கு முன் அந்தக் கைபேசி அணைந்துவிட்டால், அவரோடு மண்வெட்டி பிடித்த அத்தனை பேரின் கூலிக் கணக்கும் சிக்கலாகிறது.

வங்கியின் ஓடிபி, ஆஸ்பத்திரிச் சீட்டு, பிள்ளைகளின் பாடம், வெளிநாட்டிலிருந்து வரும் மகனின் அழைப்பு எல்லாம் அதே கருவியில்தான் வருகின்றன. ஆகவே சார்ஜ் நிற்காத கைபேசியை ஊரின் பொதுக் காரியங்களுள் ஒன்றாக வைத்துப் பேசுவது மிகையாகாது.

ஆனால் பேச்சு தொடங்கியதுமே பழி கைமாறத் தொடங்குகிறது. வாங்கியவர் கம்பெனியைக் குறை சொல்கிறார். கம்பெனி, வெளிச்சந்தைச் சார்ஜரைக் காட்டுகிறது. பழுது பார்ப்பவர், மலிவான பாகத்தையே கேட்கும் வாடிக்கையாளரைச் சுட்டுகிறார். இன்னும் சிலர் மின்வாரியத்தின் ஏற்ற இறக்கமான மின்னழுத்தத்தைச் சொல்கிறார்கள். இவர்களில் யாரும் முழுப் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவர் கையிலும் உண்மையின் ஒரு பங்கு இருக்கிறது. அந்தப் பங்குகளைச் சேர்த்துப் பார்த்தால் வழி தெரியும்.

முதலில் நம் பங்கு. கைபேசி சார்ஜ் ஏறவில்லை என்றால் செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி மேலே போவதே முறை. வேறொரு பிளக் பாயின்டில் செருகிப் பார்க்கலாம். அடுத்து கேபிளை மாற்றிப் பார்க்கலாம். வளைந்து நெளியும் பகுதி என்பதால் பல வேளைகளில் முதலில் போவது அதுதான். பிறகு சார்ஜர். அதன்பின் போனின் சார்ஜிங் துளை. சட்டைப்பையிலும் கைப்பையிலும் இருக்கும் நூலும் தூசியும் அங்கே அடைந்து, கேபிளின் முனை முழுதாக உள்ளே போகாமல் தடுக்கும். போனை அணைத்துவிட்டு, பல் குத்தும் மரக்குச்சியால் மெல்ல எடுத்தால் போதும். ஊசியும் சேப்டி பின்னும் வேண்டாம். கடைசியாக ஒருமுறை அணைத்து இயக்கிப் பார்க்கலாம். இத்தனைக்கும் பைசா செலவில்லை. கடைக்குப் போகும் முன் இதைச் செய்துவிட்டால் நம் பணமும் கடைக்காரரின் நேரமும் மிச்சம்.

மெதுவாகச் சார்ஜ் ஏறுவதெல்லாம் பழுதாகாது. வேகமான சார்ஜிங்குக்குப் போன், சார்ஜர், கேபிள் மூன்றும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும். ஒன்று ஒத்துப்போகாவிட்டாலும் போன் பாதுகாப்பான குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். சார்ஜ் ஏறிய வேகத்திலேயே இறங்குகிறது என்றால், அமைப்புகளில் உள்ள பேட்டரிப் பக்கத்தைத் திறந்து எந்தச் செயலி அதிகம் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். சார்ஜ் இருபது, முப்பது சதவீதம் இருக்கும்போதே போன் திடீரென அணைந்தால், பெரும்பாலும் பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று பொருள்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. சிக்னல் பலவீனமான இடத்தில் போன் கோபுரத்தை எட்டக் கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது. மலையும் பள்ளமும் ரப்பர் தோட்டங்களும் நிறைந்த பகுதி இது. போதாததற்குப் பனச்சமூட்டிலும் களியக்காவிளையிலும் தொலைத்தொடர்பின் கேரள வட்டமும் தமிழ்நாட்டு வட்டமும் முட்டிக்கொள்கின்றன. அங்கே போன் ஒரு வட்டத்தைவிட்டு மற்றதைத் தேடித் தேடிச் சேர்வது எல்லையோரத்தாருக்குப் பழகிய காட்சி. அப்படி அலைக்கழியும் இடத்தில் வேலை நேரம் முழுவதும் இருப்பவர், நெட்வொர்க்கைத் தானாகத் தேர்வதை நிறுத்தி ஒன்றைக் கையால் குறித்துவைக்கலாம். அழைப்பு எதிர்பார்க்காத வேளையில் விமான முறையில் போடலாம். சில ஊர்களின் சார்ஜ் பிரச்சினைக்குத் தீர்வு பேட்டரியில் இல்லை, கோபுரத்தில் இருக்கிறது. அதைத் தனி ஆளாகக் கேட்பதைவிட வார்டு உறுப்பினர் வழியாக ஊராகக் கேட்பது பலன் தரும்.

இரவு முழுவதும் சார்ஜில் போடலாமா என்பது வீட்டுக்கு வீடு நடக்கும் வழக்கு. பெரியவர்கள் கூடாது என்கிறார்கள். பிள்ளைகள், நிறைந்தால் போனே நிறுத்திக்கொள்ளும் என்கிறார்கள். பிள்ளைகள் சொல்வது சரி: இன்றைய போன்கள் பேட்டரி நிறைந்ததும் மின்னோட்டத்தை நிறுத்திவிடும். பெரியவர்கள் சொல்வதிலும் பொருள் இருக்கிறது: முழு நிறைவிலும் வெப்பத்திலும் நெடுநேரம் கிடக்கும் லித்தியம் பேட்டரி சீக்கிரம் தளரும். தலையணைக்கடியில், மெத்தைமேல், வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்துச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகலாம். ‘முழுக்க வடியவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்’ என்பது பழைய நிக்கல்-காட்மியம் பேட்டரிகளுக்கான விதி. 1991இல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயனிக்கு அது பொருந்தாது. சார்ஜை இருபது சதவீதத்துக்கும் எண்பது சதவீதத்துக்கும் இடையே வைத்திருப்பதே அதற்கு நல்லது.

துலாவருஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை மாதங்களின் பிற்பகல் இடி இங்கே யாருக்கும் புதிதல்ல. இடி முழங்கும்போது சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்ற பேரிடர் நிர்வாக ஆணையத்தின் அறிவுரை உயிருக்கும் கருவிக்கும் சேர்ந்தே சொன்னது. மழையில் நனைந்த போனை உடனே சார்ஜில் போடக் கூடாது. அரிசிப் பானையில் புதைப்பதும் உதவாது. அரிசித் துகள் துளைக்குள் போய்க் கூடுதல் கெடுதல் செய்யும். அணைத்து, துடைத்து, காற்றோட்டமான இடத்தில் உலரவிடுவதே வழி.

அடுத்தது மாற்றுப் பேட்டரி. கடைகளில் ‘ஒரிஜினல் வேணுமா, லோக்கல் போதுமா’ என்ற கேள்வி எழும்போது சிக்கல் தொடங்குகிறது. ஏழாயிரம் ரூபாய்ப் போனுக்கு இரண்டாயிரம் செலவிட மனம் வராது, அது நியாயம். சிறிய மாடல்களுக்குக் கம்பெனிப் பாகம் எளிதில் கிடைப்பதில்லை என்று பழுது பார்ப்பவர் சொல்வதும் உண்மை. தரமற்ற பாகம் தீப்பிடித்தால் கெட்ட பெயர் தங்களுக்கே என்று கம்பெனிகள் அஞ்சுவதிலும் பொருள் உண்டு. ஆனால் கம்பெனி முத்திரை ஒன்றே காப்பாகிவிடாது. 2007இல் நோக்கியா, தன் போன்களுக்காக மட்சுஷிட்டா தயாரித்த பிஎல்-5சி பேட்டரிகள் 4 கோடியே 60 லட்சத்துக்கு மாற்று தருவதாக அறிவிக்க வேண்டிவந்தது. 2016இல் சாம்சங் தன் கேலக்சி நோட் 7 போனையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

இடைப்பட்ட வழி இதுதான். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு முறையில் கைபேசிச் சார்ஜர்களும் லித்தியம் பேட்டரிகளும் அடங்கும். சார்ஜரில் ஐ.எஸ். 13252 என்ற குறியும், பேட்டரியில் ஐ.எஸ். 16046 என்ற குறியும், கூடவே ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டால் பதிவு உண்மையானதா என்று தெரிந்துவிடும். கம்பெனிப் பொருளே வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியதில்லை. பதிவெண் இல்லாததை வாங்காமல் இருந்தால் போதும். கடைக்காரர் பதிவுள்ள பொருளை வைத்து, பில் கொடுத்து, கழற்றிய பழைய பேட்டரியை வாடிக்கையாளரிடம் காட்டினால் நம்பிக்கை தானாக வளரும். நாமும் பில் வேண்டாம் என்று சொல்லி ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிடலாம்.

பில்லுக்கு எல்லையோரத்தில் தனி மதிப்பு உண்டு. பெருங்கடவிளைக்காரர் தமிழ்நாட்டு மார்த்தாண்டத்தில் போன் வாங்குவார். தமிழ்நாட்டு மேல்புறத்துக்காரர் கேரளத்துப் பாறசாலையில் வாங்குவார். தகராறு வந்தால் எந்த மாநிலத்தில் முறையிடுவது என்ற தயக்கம் இனி வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் தர இடமளிக்கிறது. மார்த்தாண்டத்தில் வாங்கிய போனுக்குத் திருவனந்தபுரத்திலேயே வழக்கிடலாம். அதற்கு முன்பு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசிப் பார்க்கலாம். பல குறைகள் அங்கேயே தீர வாய்ப்பு உண்டு. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் மின்வாரியத்தின் 1912 இருக்கிறது. ஒரே டிரான்ஸ்பார்மரின் கீழுள்ள வீடுகள் தனித்தனியே முணுமுணுப்பதைவிடச் சேர்ந்து பதிவு செய்தால் காரணம் சீக்கிரம் பிடிபடும்.

கம்பெனிகளின் பங்குக்கு வருவோம். முன்பு நகத்தால் மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்துவிடலாம். இன்று பசை வைத்து மூடப்பட்டிருக்கிறது. நீர் புகாமை, மெல்லிய உடல், பாதுகாப்பு ஆகியவை இதற்குச் சொல்லப்படும் காரணங்கள். மழைக்காலம் நீண்ட நம் ஊரில் நீர் புகாமை சிறிய காரியமல்ல. ஆனால் பேட்டரி தளர்ந்ததற்காக நல்ல போனை வீசிவிட்டுப் புதிதை வாங்க வேண்டியிருப்பதும் நியாயமாகாது. ஐரோப்பிய ஒன்றியம் இரண்டையும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் புதிய கைபேசிகளில் டைப்-சி துளை கட்டாயம். 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் மாடல்களின் பேட்டரி, 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதக் கொள்ளளவைக் காக்க வேண்டும். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. கம்பெனிகளின் பாகம், சேவை மையம், உத்தரவாதம் பற்றிய விவரங்களை அங்கே தேடலாம். இது நல்ல தொடக்கம். உதிரிபாக விலையும் கிடைக்கும் காலமும் போன் பெட்டியிலேயே அச்சாகும் நாள் வந்தால் வாங்குபவரும் விற்பவரும் இன்னும் தெளிவாகப் பேசிக்கொள்ள முடியும்.

பழைய பேட்டரியின் கதியும் ஒரு கவலை. உப்பிய பேட்டரியை அழுத்துவதும் குத்துவதும் ஆபத்து. உள்ளே வாயு நிறைந்திருக்கிறது. சார்ஜில் போடாமல், உலர்ந்த இடத்தில், எரியும் பொருள்களிடமிருந்து தள்ளிவைத்துக் கடையில் ஒப்படைக்க வேண்டும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெறும் கடமையைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. கேரளத்தில் கழிவு சேகரிக்க வாசலுக்கு வரும் ஹரித கர்ம சேனையினர், நகர்ப்புறங்களில் மின்கழிவுக்கு விலை கொடுத்து வாங்கும் திட்டத்தை 2025 ஜூலையில் தொடங்கினார்கள். அந்த விலை கிராமத்து வாசலுக்கும் முறையாக வந்து சேர வேண்டும் என்று கேட்பது நியாயம். அதேசமயம் பேட்டரியைப் பிளாஸ்டிக் பையோடு கலந்து கட்டிக் கொடுக்காமல் தனியே பிரித்துக் கொடுப்பது நம் கடமை. அந்தப் பையைத் திறந்து பிரிக்கும் கை, நம் அண்டைவீட்டு அக்காவின் கையாகவும் இருக்கலாம்.

இவ்வளவையும் சேர்த்து நடத்த நம்மிடம் அமைப்பு இல்லாமல் இல்லை. திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை 2022இல் கேரளத்தின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியானது. 2025 ஆகஸ்ட் 21இல் மாநிலமே அந்த நிலையை எட்டியதாக அறிவிக்கப்பட்டது. தொழிலுறப்பு இடங்களிலும் குடும்பஸ்ரீ கூட்டங்களிலும் தன்னார்வலர்கள் போய், பெரியவர்களுக்குப் போனை இயக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பாடத்தோடு போனைப் பேணும் பாடத்தையும் சேர்த்துவிடலாம். கேபிளைச் சோதிப்பது, துளையைச் சுத்தம் செய்வது, பதிவெண்ணைப் பார்ப்பது, உப்பிய பேட்டரியை அடையாளம் காண்பது ஆகிய நான்கையும் ஒரே மாலையில் சொல்லிக்கொடுத்துவிட முடியும். சொல்லிக்கொடுக்க ஊரிலுள்ள பழுது பார்ப்பவரைவிடத் தகுந்தவர் யார்? அவருக்கும் அது நல்ல விளம்பரம்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் கடந்தபோது பக்கத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. கடலுக்குப் போனவர்களைப் பற்றிய சேதிக்காகக் குடும்பங்கள் தவித்தன. அடுத்த ஆண்டு கேரள வெள்ளத்தில் மொட்டைமாடியில் சிக்கியவர்களுக்கு, இருக்கும் இடத்தைச் சொல்லி உதவி கேட்கப் போனே வழியாயிற்று. வார்டுக்கு ஒரு நூலகத்திலோ அங்கன்வாடியிலோ சூரிய மின்தகடும் இன்வெர்ட்டரும் கொண்ட பொதுச் சார்ஜிங் பலகை ஒன்று இருந்தால், சாதாரண நாளில் ‘மேட்’ பெண்களுக்கும் மாணவருக்கும் பயன்படும். பேரிடர் நாளில் ஊருக்கே உதவும். ஊராட்சி இடம் தரலாம், இளைஞர் மன்றம் பராமரிக்கலாம், கடைக்காரர்கள் பதிவெண்ணுள்ள சார்ஜர்களைத் தரலாம். பெருந்தொகை தேவைப்படும் காரியமல்ல.

அடுத்த கிராமசபை கூடும்போது சாலை, குடிநீர், தெருவிளக்குக்குப் பிறகு இதற்கும் பத்து நிமிடம் ஒதுக்கினால் தொடங்கிவிடலாம். எங்கே சிக்னல் இல்லை, எந்த டிரான்ஸ்பார்மரில் அழுத்தம் குறைகிறது, பழைய பேட்டரியை எங்கே கொடுப்பது என்ற மூன்று கேள்விக்கும் விடை ஊராரிடமே இருக்கிறது. ஒருவர் எழுதிக்கொள்ள, மற்றவர்கள் சொல்லட்டும். அந்தப் பட்டியல் ஊராட்சித் தலைவரின் கைக்குப் போனால், எந்த அலுவலகத்தை எதற்காகக் கேட்பது என்பது தெளிவாகிவிடும்.