‘பறக்கும் சவப்பெட்டி’... பழி மிக்-21 மேல மட்டும்தானா? 26 வருஷம் காணாமல் போன ‘நடுப் படி’யின் கதை!

2006-ல் வெளியான ‘ரங் தே பசந்தி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு, மாதவன் நடித்த அந்த விமானப்படை அதிகாரி கேரக்டர் மறந்திருக்காது. மிக்-21 விபத்தில் அவர் உயிரிழப்பதுதான் மொத்தக் கதையையும் திருப்பிப் போடும். படத்தில் வந்தது கற்பனைதான். ஆனால், அந்தக் காலத்தில் செய்தித்தாள்களில் அடிக்கடி வந்த நிஜம் அது.

அந்த மிக்-21, 2025 செப்டம்பர் 26-ம் தேதி சண்டிகரில் நடந்த விழாவோடு இந்திய விமானப்படையிலிருந்து விடைபெற்றது. 1963-ல் இதே சண்டிகரில்தான் அது படையில் சேர்ந்தது. 62 வருஷ சர்வீஸ். இந்தியாவின் முதல் சூப்பர்சானிக் போர் விமானம், 1971 போரின் ஹீரோ என்ற பெருமையெல்லாம் இருந்தும், பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயர்தான்.

ஆனால், எல்லாப் பழியும் அந்த விமானத்துக்கே உரியதா? மெதுவான விமானத்தில் கற்றுக்கொண்ட ஒரு இளம் பைலட்டை, அதிவேக விமானத்துக்கு எப்படிக் கொண்டுபோனோம் என்ற கேள்விக்கு இதில் எவ்வளவு பங்கு? கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கணக்கு என்ன சொல்கிறது?

2012-ல் அப்போதைய பாதுகாப்புத்துறை அமைச்சர் ஏ.கே.அந்தோணி நாடாளுமன்றத்தில் ஒரு கணக்கைச் சொன்னார். இந்தியா வாங்கிய 872 மிக் ரக விமானங்களில், அந்த ஆண்டு ஏப்ரல் வரை 482 விபத்துக்குள்ளாகிவிட்டன. உயிரிழந்த பைலட்டுகள் மட்டும் 171 பேர். பொதுமக்கள் 39 பேர். மனிதத் தவறு, தொழில்நுட்பக் கோளாறு இரண்டுமே காரணங்கள் என்று அரசு சொன்னது.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக விமானப்படையின் பெரும்பகுதி மிக் ரகங்கள்தான். அதிகமாகப் பறந்ததும் அவைதான். எனவே எண்ணிக்கை கூடுதலாகத்தான் இருக்கும். எல்லா விபத்துக்கும் பயிற்சிதான் காரணம் என்றும் சொல்ல முடியாது. ஒரே ஒரு இன்ஜின், பறவை மோதல், வயதான உதிரி பாகங்கள் எனப் பல காரணங்கள் உண்டு.

அதேநேரம் ‘மனிதத் தவறு’ என்ற இரண்டு வார்த்தைகளோடு ஃபைலை மூடிவிடவும் முடியாது. அந்த மனிதருக்கு எவ்வளவு கற்றுக்கொடுத்து காக்பிட்டில் உட்கார வைத்தோம் என்பதும் கேள்விதானே?

வேகம் கூடினால் என்னதான் மாறும்?

விமானம் ஓட்டத் தெரிந்தவருக்கு எந்த விமானமும் ஒன்றுதானே என்று தோன்றலாம். அப்படி இல்லை.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகும் பஸ், ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் நகரும். மிக்-21 தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கி.மீ.க்கும் மேல். அதாவது ரன்வேயை நெருங்கும்போதே ஒரு விநாடிக்கு 83 மீட்டருக்கும் அதிகம். பைலட் இரண்டு விநாடி தயங்கினால், 160 மீட்டருக்கும் மேல் கடந்திருக்கும். இது அந்த விமானத்தின் மிகக் குறைந்த வேகங்களில் ஒன்று என்பதையும் கவனிக்க வேண்டும். அதன் உச்ச வேகம் மணிக்கு 2,000 கி.மீ.க்கும் மேல்.

வேகம் கூடினால் திருப்பமும் மாறும். ஒரே சாய்வில் திரும்பும்போது, வேகம் இரண்டு மடங்கானால் திரும்பத் தேவைப்படும் வட்டத்தின் ஆரம் நான்கு மடங்காகும். மெதுவான பயிற்சி விமானத்தில் ‘இங்கே திரும்பினால் ரன்வே நேராக வரும்’ என்று பழகிய கண், வேகமான விமானத்தில் அதே இடத்தில் திரும்பினால் ரன்வேயைத் தாண்டிப் போய்விடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

பைலட்டுகள் மத்தியில் இதை விமானத்துக்குப் ‘பின்னால் போய்விடுவது’ என்பார்கள். விமானம் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும், மனசு இன்னும் முந்தைய வேலையிலேயே இருக்கும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து.

கை பழகினதே எதிரி ஆகும் இடம்

வேகம் மட்டுமல்ல, இறக்கையின் வடிவமும் பிரச்னைதான். மிக்-21-க்கு இருப்பது முக்கோண வடிவ டெல்டா இறக்கை. ஒலியைவிட வேகமாகப் பறக்க அது அருமையானது. ஆனால், மெதுவாகப் பறக்கும்போது சண்டித்தனம் செய்யும்.

உதாரணமாக, தரையிறங்கும்போது விமானம் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இறக்கை கொண்ட பயிற்சி விமானத்தில், ஸ்டிக்கைக் கொஞ்சம் பின்னால் இழுத்தால் மூக்கு தூக்கும், இறக்கம் குறையும். அப்படித்தான் கை பழகியிருக்கும்.

டெல்டா இறக்கையில் குறைந்த வேகத்தில் அதையே செய்தால், மூக்கு தூக்கும். கூடவே காற்றின் இழுவையும் எகிறும். வேகம் இன்னும் குறைந்து, விமானம் முன்பைவிட வேகமாகக் கீழே இறங்கும். இன்ஜின் சக்தியைக் கூட்டுவதுதான் சரியான வழி. ஆனால், அந்தக் கால ஜெட் இன்ஜினில் த்ராட்டிலைத் தள்ளியதும் முழு சக்தி உடனே வந்துவிடாது, சில விநாடிகள் ஆகும். தரைக்கு மிக அருகில் அந்த விநாடிகள் கிடைக்காமலே போகலாம்.

புத்தகத்தில் இதைப் படித்துப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பழகிய கை, ஆபத்து நேரத்தில் பழகியதைத்தான் செய்யும். அதை மாற்ற ஒரே வழி, பக்குவமான ஒரு விமானத்தில் இன்ஸ்ட்ரக்டரோடு பல மணி நேரம் பறந்து பழகுவதுதான்.

எந்தப் படி காணாமல் போனது?

போர் விமான பைலட் பயிற்சி, பொதுவாக மூன்று படிகள் கொண்டது.

● முதல் படி: ப்ரொப்பெல்லர் விமானத்தில் அடிப்படைப் பயிற்சி.

● இரண்டாம் படி: ஒலி வேகத்தைத் தாண்டாத, எளிமையான ஜெட்டில் இடைநிலைப் பயிற்சி. இந்தியாவில் இதற்குப் பல காலமாகக் கைகொடுத்தது, ஹெச்.ஏ.எல் தயாரித்த ‘கிரண்’.

● மூன்றாம் படி: போர் விமானம் மாதிரியே நடந்துகொள்ளும், ஆனால் தவறு செய்தால் மன்னிக்கும் ‘அட்வான்ஸ்டு ஜெட் டிரெய்னர்’. சுருக்கமாக ஏ.ஜே.டி.

இந்தியாவில் இந்த மூன்றாவது படிதான் இல்லை. கிரணின் வேகம் மணிக்கு 700 கி.மீ.யைத் தொடாது. அதில் இன்ஸ்ட்ரக்டர் பக்கத்து சீட்டிலேயே இருப்பார். அங்கிருந்து வரும் இளைஞர் அடுத்து ஏற வேண்டியது, ஒரே சீட் கொண்ட மிக்-21. மொபெட்டில் பழகியவர் கையில் நேராக ரேஸ் பைக் சாவியைக் கொடுத்த மாதிரி!

இரண்டு சீட் கொண்ட பயிற்சி ரக மிக்-21 இருந்தது உண்மைதான். அசாமின் தேஜ்பூரில் மிக்-21-களைக் கொண்டே பயிற்சி கொடுக்கும் தனிப் பிரிவும் செயல்பட்டது. ஆனால், பயிற்சி ரகமும் அதே குணம் கொண்ட அதே விமானம்தான். பின் சீட்டில் இருக்கும் இன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் ரன்வே சரியாகத் தெரியாது என்பதற்காகவே, அதில் பெரிஸ்கோப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீரின் ஆழத்தில் தள்ளிவிட்டு நீச்சல் கற்றுக்கொடுப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பரிந்துரை 1982-ல்... விமானம் 2008-ல்!

இந்தக் குறை யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை. அதுதான் வேதனை.

● 1982: விபத்துகளை ஆராய்ந்த, ஏர் மார்ஷல் லா ஃபோன்டெய்ன் தலைமையிலான குழு, ஏ.ஜே.டி தேவை என்று பரிந்துரைத்தது.

● 1997: போர் விமான விபத்துகளை ஆராய, அப்போது பாதுகாப்புத்துறை அமைச்சரின் அறிவியல் ஆலோசகராக இருந்த ஏ.பி.ஜே.அப்துல் கலாம் தலைமையில் ஒரு குழு. அதுவும் அதையே வலியுறுத்தியது.

● 2003 செப்டம்பர்: பிரிட்டனின் ‘ஹாக்’ விமானத்தை வாங்க மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல்.

● 2004 மார்ச்: 66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம். 24 நேரடியாக பிரிட்டனில் இருந்து, மீதி 42 ஹெச்.ஏ.எல் தயாரிப்பு.

● 2008 பிப்ரவரி: கர்நாடகாவின் பீதரில் ஹாக் படையில் சேர்ப்பு.

முதல் பரிந்துரைக்கும் விமானம் வந்ததற்கும் இடையே 26 வருஷம்! 1982-ல் பிறந்த குழந்தை வளர்ந்து, பைலட்டாகி, மிக்-21 ஓட்டத் தொடங்கியே சில வருஷம் ஆகியிருக்கும்.

ஏன் இவ்வளவு இழுத்தது?

ஒரே ஒரு காரணம் கிடையாது. ஹாக்கா, பிரான்ஸ்-ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பான ஆல்ஃபா ஜெட்டா என்ற போட்டி நீண்டது. விலை பேரம் முடியவே இல்லை. 1998 அணுகுண்டு சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை விதித்ததால், ஹாக்கில் உள்ள அமெரிக்க பாகங்கள் பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

இதற்கெல்லாம் கீழே இன்னொரு காரணமும் தெரிகிறது. பட்ஜெட்டில் போர் விமானத்துக்குக் கிடைக்கும் அவசரம், பயிற்சி விமானத்துக்குக் கிடைப்பதில்லை. ஏவுகணை தாங்கிய விமானம் குடியரசு தின அணிவகுப்பில் கைதட்டல் வாங்கும். பயிற்சி விமானத்தால் தடுக்கப்பட்ட விபத்து, செய்தியாகவே வராது. நடக்காத ஒன்றுக்கு யார் கைதட்டுவார்கள்?

ஹாக் வந்த பிறகு நிலைமை மாறியதா?

ஹாக் ஒலி வேகத்துக்குக் கீழேதான் பறக்கும். ஆனால் முன்னும் பின்னுமாக சீட்டுகள், போர் விமானம் போன்ற காக்பிட், ஆயுதப் பயிற்சி வசதி எல்லாம் உண்டு. பின் சீட்டைச் சற்று உயர்த்தி வைத்திருப்பதால், இன்ஸ்ட்ரக்டருக்கு முன்னால் நன்றாகத் தெரியும். பின்னர் 2010-ல் விமானப்படைக்கு 40, கடற்படைக்கு 17 என இன்னும் 57 ஹாக் விமானங்களுக்கு ஆர்டர் போனது.

நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் அரசு கொடுத்த தகவல்படி, 10,000 பறக்கும் மணி நேரத்துக்கு 2000-2005-ல் 0.93 ஆக இருந்த விமானப்படையின் விபத்து விகிதம், 2017-2022-ல் 0.27 ஆகக் குறைந்துவிட்டது. இதை ஹாக்கின் வெற்றி என்று மட்டும் எழுதிவிட முடியாது. பழைய மிக் ரகங்கள் படிப்படியாக விடைபெற்றது, பராமரிப்பு, சிமுலேட்டர் பயிற்சி எல்லாம் சேர்ந்ததுதான் இது. ஆனால், 2017-2022 காலத்தில் நடந்த 34 விபத்துகளில் 19-க்கு விமானக் குழுவினரின் தவறே காரணம் என்றும் அதே நிலைக்குழு அறிக்கை சொல்கிறது. அப்படியென்றால், பயிற்சியின் முக்கியத்துவம் இன்னும் குறையவில்லை.

இப்போ ஏன் இதைப் பேசணும்?

மிக்-21 விடைபெறுவதற்கு முந்தைய நாள், 97 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஹெச்.ஏ.எல் உடன் 62,370 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. இதில் 29 விமானங்கள் இரண்டு சீட் கொண்டவை. 2021-ல் ஆர்டர் கொடுத்த 83 தேஜஸ்களில் 10 பயிற்சி ரகம். 36 ரஃபேலில் 8 விமானங்களுக்கு இரண்டு சீட். ‘கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒரு சீட் வேண்டும்’ என்ற பாடம் புரிந்திருக்கிறது. நல்ல விஷயம்தான்.

தேஜஸும் டெல்டா இறக்கை விமானம்தான். ஆனால் பைலட் ஸ்டிக்கை அசைத்தால், அதை கம்ப்யூட்டர் சரிபார்த்துத்தான் இறக்கைக்கு அனுப்பும். மிக்-21 மாதிரி சண்டித்தனம் இல்லை. அதற்குப் பதிலாக வேறு சுமை வந்திருக்கிறது. ரேடார், திரைகள், ஏவுகணை, எச்சரிக்கைக் கருவிகள் என எல்லாம் ஒரே நேரத்தில் பேசும். விமானத்தை ஓட்டுவதைவிட, வந்து குவியும் தகவலைச் சமாளிப்பதுதான் புதிய சவால்.

ஆனால், கீழ்ப் படிகளின் நிலை என்ன?

● கிரண் முதலில் பறந்தது 1964-ல். அதற்கு மாற்றாக ஹெச்.ஏ.எல் உருவாக்கிய ஹெச்.ஜே.டி-36 ‘சித்தாரா’ 2003-லேயே பறந்துவிட்டது. விமானம் சுழன்று விழும் ‘ஸ்பின்’ நிலையில் வந்த பிரச்னைகளால் வருஷங்கள் ஓடின. 2025 பிப்ரவரியில் ‘யஷஸ்’ என்று புதுப் பெயர் கிடைத்தது. படையில் சேர்வதுதான் பாக்கி.

● அடிப்படைப் பயிற்சிக்கான ஹெச்.டி.டி-40 முதலில் பறந்தது 2016-ல். 70 விமானங்களுக்கு ஒப்பந்தம் 2023 மார்ச்சில். தொடர் உற்பத்தியின் முதல் விமானம் பறந்தது 2025 அக்டோபரில்.

● விமானப்படையில் பைலட் பற்றாக்குறை 2015-ல் 486 ஆக இருந்தது, 2021 இறுதியில் 596 ஆகக் கூடியது என்று 2024 டிசம்பரில் தாக்கலான சி.ஏ.ஜி அறிக்கை சொல்கிறது.

பைலட் பற்றாக்குறை கூடும்போது, ‘சீக்கிரம் பயிற்சியை முடித்து அனுப்புங்கள்’ என்ற அழுத்தமும் கூடும். பயிற்சி விமானங்கள் தாமதமானால், அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியது 22, 23 வயது இளைஞரும் அவருடைய இன்ஸ்ட்ரக்டரும்தான். அந்த இன்ஸ்ட்ரக்டர்களை உருவாக்கும் விமானப்படைப் பள்ளி இருப்பது சென்னையை அடுத்த தாம்பரத்தில். தேஜஸ் படைப்பிரிவு இருப்பது கோவை சூலூரில். நம்ம ஊர் வானத்தில் பறக்கும் விஷயம்தான் இது.

கடைசியாக...

மிக்-21-க்கு விடை கொடுத்தாச்சு. ‘பறக்கும் சவப்பெட்டி’ என்ற பெயரும் அதோடு போய்விடும். ஆனால், ‘இந்தப் படி இல்லை, இளைஞர்கள் விழுகிறார்கள்’ என்று ஒரு குழு 1982-ல் எழுதிக் கொடுத்தும், 26 வருஷம் அந்தப் படி கட்டப்படவில்லை. அந்த வழக்கம் மாறிவிட்டதா என்பதற்கான பதில் தேஜஸ் எத்தனை வருகிறது என்பதில் மட்டும் இல்லை. தேஜஸில் ஏறப் போகும் இளைஞருக்கு, யஷஸும் ஹெச்.டி.டி-40-யும் நேரத்துக்கு வந்து சேர்கின்றனவா என்பதில்தான் இருக்கிறது.